பச்சை இறைச்சியா, வேகவைத்ததா, பொட்டலத் தீனியா? குமரி வீட்டு நாய்க்கும் பூனைக்கும் எது பொருந்தும்

குமரி மாவட்டத்து வீடுகளில் நாய்க்கும் பூனைக்கும் வைக்கப்படும் உணவை நான்காகப் பிரிக்கலாம். மிஞ்சிய சோறும் மீன்குழம்பும் பழைய வழக்கம். கடையில் வாங்கும் பொட்டலத் தீனி இரண்டாவது. இறைச்சியை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து தருவது மூன்றாவது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களை வளர்ப்போர் ஆர்வத்தோடு விசாரிக்கும் பச்சை இறைச்சி உணவு நான்காவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சை இறைச்சியால் விளைவதாகச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பாலானவை இறைச்சியால் விளைபவை. அதே இறைச்சியை வேகவைத்தாலும் அவை கிடைக்கும். கேடுகளில் பெரும்பாலானவையோ, வேகவைக்காமல் விடுவதால் விளைபவை.

இந்த முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட். எலும்போடு கூடிய பச்சை இறைச்சியே நாயின் இயல்பான உணவு என்று 1993 முதல் அவர் வாதிட்டு வந்தார். நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய் சமைத்து உண்பதில்லை என்பது அந்த வாதத்தின் அடித்தளம். ஆனால் ஓநாய்க்கும் நாய்க்கும் இடையே செரிமானத்திலேயே வேறுபாடு உண்டு என்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மரபணு வழியாகக் காட்டினார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்களே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருந்தது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து சோற்றுக்கும் கிழங்குக்கும் பழகிய உடல் நாயினுடையது. பூனைக்கு இது பொருந்தாது. அது இறைச்சியின்றி வாழ முடியாத உயிரினம். எனவே இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

"நம் ஊரில் கோழியைக் கண்ணெதிரில் அறுத்துத் தருகிறார்கள், குளிர்பெட்டியில் கிடந்த இறைச்சி இல்லையே, பிறகென்ன பயம்?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிராய்லர் கடையின் முன் சற்று நின்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். அறுத்த கோழி நீல நிற பிளாஸ்டிக் டிரம்முக்குள் போகிறது. அதே டிரம்மில் முந்தைய கோழிகளின் இரத்தமும் எச்சமும் கலந்து கிடக்கின்றன. தோலை உரித்துக் குடலை உருவிய கையே அடுத்த நொடியில் ஈரலையும் எடுக்கிறது. நாள் முழுவதும் ஒரே மரக்கட்டையின் மீது ஒரே கத்தி இறங்குகிறது. இடையிடையே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்னும் கிருமிகள் வெளியிலிருந்து வந்து ஒட்டுவதைவிடக் கோழியின் குடலிலிருந்து வருவதே மிகுதி என்பதால், அறுத்து ஐந்து நிமிடமே ஆன இறைச்சியிலும் அவை இருக்கக்கூடும். புதிய இறைச்சி அழுகாமல் இருக்கும் என்பது உண்மை. கிருமியின்றி இருக்கும் என்பது அதிலிருந்து பெறப்படாது. மேலும், மேலைநாடுகளில் இவ்வுணவை விற்கும் நிறுவனங்கள் இறைச்சியைத் தொடக்கம் முதல் உறைநிலையில் வைத்துக் கொண்டுவருகின்றன. நம் வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் பையில் தொங்கி வீடு வந்து சேரும் இறைச்சியை அதனோடு ஒப்பிடக்கூட முடியாது.

நாய்க்கு ஒன்றும் ஆவதில்லையே என்பது அடுத்த வாதம். முட்டம் கடற்கரையில் செத்த நண்டைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு திரியும் நாயைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். உடல்நலமுள்ள வளர்ந்த நாய் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் நோயின் அறிகுறி எதையும் காட்டாமலே அது தன் மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றக்கூடும். அதே வாய்தான் குழந்தையின் முகத்தை நக்குகிறது. அதே பாத்திரம்தான் அடுக்களைத் தொட்டியில் கழுவப்படுகிறது. பச்சை இறைச்சி உண்ணும் நாய்களின் மலத்தில், பல மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலை கிருமிகள் கூடுதலாக இருப்பதை ஐரோப்பிய ஆய்வுகளும் காட்டியுள்ளன. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் இவ்வுணவு வேண்டாம் என்று கொள்கை அறிவித்ததற்கு, விலங்கின் நலத்தோடு மனிதரின் நலமும் காரணமாக இருந்தது.

ஆட்டின், மாட்டின் உள்ளுறுப்புகள் இதைவிடக் கவனத்துக்குரியவை. மாட்டிறைச்சி தாராளமாகக் கிடைக்கும் மாவட்டம் இது; விலை குறைவு என்பதால் நுரையீரலும் ஈரலும் நாய்க்கென்று தனியே வாங்கப்படுகின்றன. எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தங்கும் இடங்கள் இவ்விரண்டு உறுப்புகளே. கட்டியுள்ள உறுப்பைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளர்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவருகின்றன. அவை மனிதர் வயிற்றுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாகத் தெரியவரும். நன்றாகக் கொதிக்கவைப்பது ஒன்றே இந்தச் சங்கிலியை எளிதாக அறுத்துவிடுகிறது. பூனைக்குப் பச்சை ஆட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தருவதில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் அபாயம் உண்டு. முதன்முறை தொற்றிய பூனை ஓரிரு வாரங்கள் அதன் முட்டைகளை வெளியேற்றும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

பறவைக் காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறைநிலையில் விற்கப்பட்ட பச்சை வான்கோழி உணவைத் தின்ற ஒரு வீட்டுப் பூனை எச்5என்1 வைரஸால் இறந்தது. உணவில் இருந்த வைரஸும் பூனையிடம் இருந்த வைரஸும் ஒன்றே என்று சோதனையில் தெரிந்தது. உறையவைத்தல் அந்த வைரஸைக் கொல்லவில்லை. ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு நோய் என்ற செய்தி வந்ததும் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் மாவட்டத்தில், பூனைக்குப் பச்சைக் கோழி தருவதற்கு நான் துணியமாட்டேன்.

இதுவரை சொன்னது கிருமிக் கணக்கு. சத்துக் கணக்கில், வேகவைத்துப் போடுபவர்களும் தங்களைப் பாராட்டிக்கொள்ள இடமில்லை. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பதினைந்து மடங்குக்கும் மேல் போகும். நாயின் உணவிலோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையிலோ இருக்க வேண்டும். குறை நேரும்போது உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்கிறது. கால் வளைந்து நடக்கச் சிரமப்படும் குட்டிகள் பலவற்றின் கதை இதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2013-இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் குறைந்தது ஒரு இன்றியமையாத சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது.

பச்சை எலும்பையும் மென்று தின்பதால் இந்தக் குறை தங்கள் முறையில் இல்லை என்று பச்சை இறைச்சியாளர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கோழிக் கழுத்தும் காலும் கால்சியம் தரும். பல் உடைவதும், மலம் கல்லாக இறுகுவதும், எலும்புத் துண்டு தொண்டையிலோ குடலிலோ சிக்குவதும் அதற்குக் கொடுக்கும் விலை. குழம்பில் வெந்த எலும்பு இன்னும் மோசம். அது ஊசி போலச் சிம்பு சிம்பாக உடையும். இரண்டையும் விட்டு முட்டை ஓட்டை நாடுவதே மேல். ஓட்டைக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொண்டால், ஒரு கோழிமுட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் கிடைக்கும். வளர்ந்த நாய்க்கு அரைக்கிலோ எலும்பில்லா இறைச்சிக்குப் பாதி ஓடு போதும். வளரும் குட்டிக்கு, அதிலும் பெரிய இனக் குட்டிக்கு, கூடினாலும் கேடு என்பதால் கண்ணளவு உதவாது. அக்காலத்தில் குட்டிகளுக்கென்றே தயாரித்த பொட்டலத் தீனிதான் பாதுகாப்பு.

பூனைக்கு வருவோம். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் சின்னமுட்டத்திலும் பூனை உணவு என்றால் மீன்தலையும் செவிளும் குடலும்தான். அதுவும் வெட்டும்போதே பச்சையாக. சாளை, நெத்தோலி வகைகள் பலவற்றில் தயாமினேஸ் என்னும் நொதி உண்டு. நாள்தோறும் பச்சையாகத் தின்றால் அது பி1 உயிர்ச்சத்தை அழித்து, பூனையைத் தள்ளாடவும் தலைகவிழவும் வலிப்புக் காணவும் செய்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். ஆனால் வேகவைத்தல் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. கொழுப்பு மிகுந்த சாளையையும் சூரையையும் மட்டுமே தின்று வளரும் பூனைக்கு, வெந்ததாயினும், வைட்டமின் ஈ பற்றாக்குறையால் தோலடிக் கொழுப்பு மஞ்சளாகி அழற்சி காணும், தொட்டாலே கத்தும். வெயிலில் கிடந்து கெட்ட சூரையிலும் அயிலையிலும் உருவாகும் ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் போகாது. மலிவு என்று கோழி ஈரலையே தினமும் வைத்தால் வைட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும்.

டாரின் என்னும் பொருளையும் பூனை உணவின் வழியாகவே போதுமான அளவு பெற வேண்டும். அதன் குறைவால் இதயத்தசை தளர்ந்து பூனைகள் இறப்பதை 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் பூனைகள் தின்றுகொண்டிருந்தது கடைத்தீனியே என்பதைப் பச்சை இறைச்சியாளர்கள் மறக்காமல் சுட்டுவார்கள். அதன்பின் நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின, அந்நோயும் அருகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டாரின் நீரில் கரைவது. ஆகவே இறைச்சி வெந்த நீரைக் கொட்டிவிடாமல் உணவோடு ஊற்றித் தர வேண்டும். கோழியின் நெஞ்சைவிடத் தொடையிலும் இதயத்திலும் அது கூடுதலாக உண்டு.

மிஞ்சிய குழம்புச் சோற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஈருள்ளியும் (வெங்காயம்) பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைப்பவை. பூனைக்குக் கேடு விளைய அவற்றில் சிறிதளவே போதும். உப்பும் தேங்காய் அரைப்பும் சேர்ந்த குழம்பை விட்டு, மசாலா சேர்க்குமுன் மீனைத் தனியே எடுத்துவைக்கலாம். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) நன்கு வேகவைத்து, வெந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, நாய்க்குக் கொஞ்சம் தருவதில் தவறில்லை. பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் நஞ்சு உண்டு.

பொட்டலத் தீனியின் பலம், அளந்து சேர்த்த சத்து. 2007-இல் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்த மூலப்பொருளால் வட அமெரிக்காவில் பல நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை. உலர்தீனியில் நீர் பத்து விழுக்காடு அளவே இருப்பதால், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கு, குறிப்பாகச் சிறுநீர்ப்பாதை அடைப்புக்கு ஆளாகும் ஆண் பூனைக்கு, அது மட்டுமே உணவாக இருப்பது நன்றன்று. இந்த இடத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு நீருள்ள இறைச்சி, பச்சையோ வெந்ததோ, வெல்கிறது. நம் ஈரக் காற்றில் பிரித்த மூட்டை விரைவில் காறிப்போகும். கடையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவதை வாங்கவே வேண்டாம்.

பச்சை இறைச்சி முறைப்படி உடல் எடையில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு என்று வைத்தால், 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 400 முதல் 600 கிராம், மாதத்துக்கு 12 முதல் 18 கிலோ இறைச்சி வேண்டும். அதை வாங்கி, வெட்டி, உறையவைக்க வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டு போதாது. மின்சாரம் நின்றால் எல்லாம் இளகி மீண்டும் உறையும். சோறும் பூசணியும் சேர்த்து வேகவைத்தால் இறைச்சியின் அளவு குறையும். வேலை அரைமணி நேரம் கூடும். பூனை வளர்ப்போருக்கு விசைப்படகுத் தடைக்காலமும் ஒரு கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன் அருகி விலை ஏறும். அதற்குள் பூனைக்கு வேறு உணவைப் பழக்கியிருக்க வேண்டும்.

ஆகவே வளர்ந்த நாய்க்கு வேகவைத்த இறைச்சியும் சோறும் முட்டை ஓட்டு மாவும், வைட்டமின், தாதுச் சத்து மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்து. பூனைக்குச் சத்துச் சமன் செய்த ஈரத்தீனி அல்லது உலர்தீனி முதன்மையாகவும், வெந்த கோழியும் மீனும் துணையாகவும் என்பது என் தெரிவு. இவ்வளவுக்குப் பின்னும் பச்சையே தருவேன் என்பவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ புற்றுநோய் மருத்துவம் பெறுபவரோ வீட்டில் இருந்தால் அதைக் கைவிட வேண்டும். மற்றவர்கள் உள்ளுறுப்புகளையும் பன்றியிறைச்சியையும் தவிர்த்து, உறையவைத்தல் புழுக்களையும் ஒட்டுண்ணிகளையும் மட்டுமே குறைக்கும் என்பதை உணர்ந்து, தனிப் பலகை, தனிக் கத்தி, தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு, நாய் தின்று மீதம் வைத்ததை அரைமணி நேரத்துக்குள் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். குடற்புழு மருந்தின் இடைவெளியையும் மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.