கொளத்தூரில் வாங்கிய ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’: ஓராண்டு வளர்த்த பிறகு

சென்னையில் அலங்கார மீனுக்குப் பெயர்போன கொளத்தூரில், தெருவுக்குத் தெரு இருக்கும் கடைகளுள் ஒன்றில், ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று எழுதி ஒட்டிய தொட்டியிலிருந்து சிக்லிட் என்னும் நன்னீர் மீன் குடும்பத்தைச் சேர்ந்த பத்துக் குஞ்சுகளைச் சென்ற ஆண்டு வாங்கினேன். இரண்டு அங்குல நீளம். மஞ்சள், ஆரஞ்சு, கறுப்புக் கோடுகள் எனக் கடல்மீன்களுக்கு நிகரான நிறங்கள். ‘ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா?’ என்று கேட்டதற்கு, “எல்லாமே ஆப்பிரிக்கன்தான் சார், ஒண்ணா வளரும்” என்றார் கடைக்காரர். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

முதலில் கடைக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். மீன்கள் நோயின்றி இருந்தன. துடுப்புகள் விரிந்திருந்தன, வயிறு ஒட்டவில்லை, வெண்புள்ளி எதுவும் தென்படவில்லை. ஆக்ஸிஜன் நிரப்பிய இரட்டைப் பையில் போட்டுச் செய்தித்தாள் சுற்றித் தந்ததால், வெயிலில் ஒன்றரை மணி நேரம் பயணித்தும் ஒரு மீன்கூட வழியில் சோரவில்லை. மீன் வளர்ப்பில் கடைக்காரர் கைதேர்ந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. குறை, எதை எதோடு சேர்த்து விற்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்கன் என்பது ஊர்ப்பெயரே தவிர குணத்தின் பெயரன்று. நம் ஊர் மீன் சந்தையில் கிடைக்கும் ஜிலேபியும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீனை யாரும் கண்ணாடித் தொட்டியில் மஞ்சள் குஞ்சுகளோடு விடுவதில்லை. தொட்டி மீன்களாக நாம் வாங்குபவை பெரும்பாலும் மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா ஆகிய மூன்று ஏரிகளைச் சேர்ந்தவை. மலாவி ஏரி ஒன்றுக்குள்ளேயே, பாறை இடுக்குகளில் வாழ்ந்து பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் ம்புனா வகை, மணற்பரப்பை ஒட்டி வாழும் பீகாக் வகை, பிற மீன்களை வேட்டையாடி வளரும் பெரிய வகை என்று வாழ்க்கை முறையே வேறுபட்ட கூட்டங்கள் உள்ளன. ஏரியில் அவற்றுக்குத் தனித்தனி இடமும் ஒதுங்க வழியும் உண்டு. நான்கடித் தொட்டியில் இரண்டும் இல்லை.

என் பையில் வந்தவை மூன்று எல்லோ லாப், மூன்று ஆராட்டஸ், இரண்டு ரெட் ஜீப்ரா, ஒரு வீனஸ்டஸ், ஒரு பீகாக். இவற்றுள் கண்ணைப் பறித்தது ஆராட்டஸ்தான். தங்க நிற உடலில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓட, அணில்குஞ்சு நீந்துவதுபோல் இருக்கும். ஏழாவது மாதத்தில் ஒருநாள் காலை விளக்கைப் போட்டபோது, அவற்றுள் ஒன்று தங்க நிறத்தை இழந்து கருமையேறத் தொடங்கியிருந்தது. ஆண் ஆராட்டஸ் வயதுக்கு வரும்போது நிறம் இப்படித் தலைகீழாகும் என்பதை அதன் பிறகுதான் படித்தறிந்தேன். அடுத்த பத்து நாட்களில் தொட்டியின் வலப் பாதி முழுவதும் அதன் ஆட்சிக்குள் போய்விட்டது. பீகாக் மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி, தலை மேலாக நின்றுகொண்டிருந்தது. வால் துடுப்பு கிழிந்து, நரம்புகள் மட்டும் துடைப்பக்குச்சிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. உணவு போட்டாலும் கீழே இறங்கவில்லை. நான்காம் நாள் இறந்தது.

வீனஸ்டஸ் வேறு வகைத் தொல்லை. ஒட்டகச்சிவிங்கியின் தோலைப்போல் மஞ்சளில் பழுப்புத் திட்டுகள் கொண்ட அழகான மீன்தான். ஆனால் 25 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய, பிற மீன்களை விழுங்கும் வேட்டைக்காரன். அதை இரண்டு அங்குலப் பருவத்தில் எல்லோ லாப் குஞ்சுகளோடு ஒரே விலைக்கு விற்பதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியவில்லை. ரெட் ஜீப்ராவைப் பொறுத்தவரை, முரட்டுத்தனத்தோடு கலப்பினக் குஞ்சுகளின் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நெருங்கிய இனங்களோடு அது எளிதில் இணைவதால், பிறக்கும் குஞ்சுகளை எந்தப் பெயரிலும் நேர்மையாகப் பிறருக்குக் கொடுக்க முடியாது.

புதிதாகத் தொடங்குபவர் இதே கடையில், கலவைத் தொட்டியைத் தவிர்த்து, தனித்தனித் தொட்டிகளிலிருந்து எளிதாக நல்ல தேர்வு செய்யலாம். நான் இப்போது வைத்திருப்பது எல்லோ லாப் ஆறு, ரஸ்டி ஐந்து, ஏசி ஐந்து. (ஏசி என்று கேட்டவுடன் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், மீனின் பெயர்தான் அது.) மூன்றும் மலாவியின் ம்புனாக்கள், மூன்றும் அந்தக் கூட்டத்தில் சாதுவானவை. மஞ்சள், ஊதா கலந்த பழுப்பு, நீலஊதா என நிறங்கள் ஒன்றையொன்று ஒத்திராததால், தன் இனத்தான் என்று தவறாக எண்ணித் தாக்கும் சண்டை குறைகிறது. லாப்பும் ரஸ்டியும் பத்து சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுகின்றன. ஏசி சற்றுப் பெரிதாக வளர்ந்தாலும் கூட்டமாக நடுநீரில் திரிவதால், பாறைக்காக மற்றவற்றோடு மோதுவதில்லை. ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருப்பது நல்லது. குஞ்சாக இருக்கும்போது பால் அறிவது கடினமாகையால், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வாங்கி, வளர்ந்தபின் மிகையான ஆண்களைத் திருப்பிக் கொடுப்பதே நடைமுறைக்கு உகந்த வழி. தொட்டி நான்கடி நீளத்துக்குக் குறையக் கூடாது. என்னுடையது நான்கடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளும். பாறைகளை நீர்மட்டத்துக்கு அருகே வரும்வரை அடுக்கி, ஒரு மீனின் பார்வையிலிருந்து இன்னொன்று மறைய இடம் விட வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கடையில் சொன்ன அறிவுரையும் தவறுதான். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். மலாவி மீன்களுக்கு வேண்டியது உப்புகள் கரைந்த, கடினமான, பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7.8க்கு மேற்பட்ட நீர், ஆர்.ஓ. இயந்திரம் அந்த உப்புகளைத்தான் வடித்து வெளியேற்றுகிறது. துணி துவைத்தால் நுரைக்காத, பாத்திரத்தில் வெள்ளை படியும் எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் இவற்றுக்குப் பொருத்தமாக அமைந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அந்தத் தண்ணீரைத் திட்டாமல் பயன்படுத்தினேன். ஆனால் ஒரு முன்னெச்சரிக்கை தேவை: பிஎச் ஒரு புள்ளி உயர்ந்தால், மீன்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. எனவே தொட்டியை நிரப்பிய அன்றே மீன் விடும் பழக்கம் இங்கே செல்லாது. ஃபில்டரில் அந்தக் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதித்த பிறகே மீன் வாங்கப் போக வேண்டும். ஹீட்டர் சென்னைக்கு அநேகமாகத் தேவைப்படாது. மே மாதத்தில் நீர் 30 பாகையைத் தாண்டும்போது காற்றுக் குழாயைக் கூட்டுவதுதான் அவசியம்.

கடையில் இலவசமாகத் தந்த உறைந்த ரத்தப்புழுப் பொட்டலத்தை நான் பயன்படுத்தவில்லை. பாசி தின்று பழகிய நீண்ட குடல் கொண்ட மீன்களுக்குக் கொழுத்த புரத உணவை நாள்தோறும் கொடுத்தால் வயிறு ஊதி இறக்கும் நோய் வரலாம் என்பது ம்புனா வளர்ப்பவர்கள் அறிந்த செய்தி. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குருணையை நாளுக்கு இருமுறை, சிட்டிகை அளவில் போடுகிறேன். சென்ற மாதம் ஒரு லாப் உணவுக்கு வராமல் ஒதுங்கி நிற்க, நோய் என்று பயந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தாடை புடைத்து, வாயை மெல்வதுபோல் அசைத்துக்கொண்டிருந்தது. முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்த தாய்மீன் அது. ஏறத்தாழ மூன்று வாரம் பட்டினி கிடந்து, அரிசி நீளக் குஞ்சுகளைப் பாறை இடுக்கில் விட்டது.

ஆக, மீனின் தரத்துக்காக இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். கலவைத் தொட்டி மீன்களை மட்டும் வாங்காதீர்கள். மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நல்ல வழக்கமும் அவர்களிடம் உண்டு. கருத்துப்போன ஆராட்டஸையும் வீனஸ்டஸையும் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, பாதி விலையைக் கழித்து ஏசி தந்தார்கள். பை கட்டும்வரை நின்றிருந்தேன். கடைப் பையன் அந்த ஆராட்டஸை வலையில் அள்ளி, ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று எழுதிய அதே தொட்டிக்குள், இரண்டு அங்குலக் குஞ்சுகளுக்கு நடுவே விட்டான்.