காஸ்ட்லி ஃபில்லிங், கோட்டைவிட்ட பாண்டிங்: என் கடைவாய்ப் பல்லின் கதை

பல்லை அடைக்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த மெட்டீரியல் நல்லது? நானும் அதைத்தான் கேட்டேன். இருப்பதிலேயே உசத்தியானது என்று ஒரு நானோ காம்போசிட்டை, அதாவது பல் நிறத்திலேயே இருக்கும் அடைப்புப் பொருளை, காட்டினார்கள். அதையே போடச் சொன்னேன். ஏழே மாதத்தில் அந்த ஃபில்லிங்குக்கு அடியில் மறுபடி சொத்தை. மெட்டீரியலில் குறை ஒன்றும் இல்லை. அது பல்லில் ஒட்டவே இல்லை, அந்த ஒட்டலைத்தான் பாண்டிங் என்கிறார்கள், அவ்வளவுதான். அது ஏன் ஒட்டவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னொரு டாக்டர் தேவைப்பட்டார்.

கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பல், அதற்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் சொத்தை. வலி கிடையாது, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. முதல் டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார், குடைந்தார், கன்னத்துக்குள் இரண்டு பஞ்சு உருளைகளை அடக்கினார். நீல நிற ஜெல் ஒன்றைப் பல்லில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கழுவினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எழுந்து வெளியே போனார்.

வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம்தான் இருப்பது? எச்சில் ஊறி நிறைந்தது. வாயை மூடி விழுங்கினேன். நாக்கு சும்மா இருக்குமா, குடைந்த பள்ளத்தைப் போய்த் தடவிப் பார்த்தது. திரும்பி வந்தவர் ஊறிப்போன பஞ்சைக்கூட மாற்றவில்லை. காற்றை ஒரு தடவை ஊதினார், குட்டி பிரஷ்ஷால் எதையோ தடவினார், நீல விளக்கைக் காட்டினார். அப்புறம் காம்போசிட்டை ஒரே உருண்டையாக வைத்து அமுக்கினார், மறுபடி விளக்கு, முடிந்தது. மொத்தமே கால் மணி நேரம் இருக்கும். “வலியே தெரியல டாக்டர்” என்று நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்றது. கடிக்கும்போதைவிட, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது குத்தியது. போன் செய்தேன். “புது ஃபில்லிங்னா அப்படித்தான், பழகிடும்” என்றார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல ஃபில்லிங்கிலும் சில நாள் கூச்சம் இருந்து அடங்கிவிடலாம், ஃபில்லிங் கொஞ்சம் உயரமாக நின்றாலும் கடிக்கும்போது வலிக்கும். ஆனால் எனக்குக் குறையவே இல்லை. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கில் ஏதாவது சிக்கிக்கொண்டது. ஏழாவது மாதம் கண்ணாடியில் பார்த்தால் ஃபில்லிங்கைச் சுற்றி மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு. நேரில் போனதும் வந்த முதல் வார்த்தை: “நீங்க சரியா பிரஷ் பண்றதில்ல.” இரண்டாவது வார்த்தை: ரூட் கேனால் செய்து கேப் போட்டுவிடலாம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இரண்டாவது டாக்டர் புதிதாக எக்ஸ்ரே எடுத்தார். ஃபில்லிங்கின் அடி விளிம்பில், ஈறுக்குப் பக்கத்தில், கருநிழல். பழைய ஃபில்லிங்கைப் பாதி வெட்டியதும் மீதி துண்டாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. அடியில் ஈரமும் நிறம் மாறிய பல்லும். அதைக் கண்ணாடியில் காட்டிவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “ஆசிட் கழுவினதுக்கு அப்புறம் வாயை மூடினீங்களா?”

போன் வந்த கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவர் விளக்கியதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்த்து எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

அந்த நீல ஜெல் பாஸ்பாரிக் ஆசிட். பல்லின் மேல்தோடான எனாமலை அது நுண்ணிய குழிகளாக அரிக்கிறது. அந்தக் குழிகளுக்குள், குட்டி பிரஷ்ஷால் தடவும் திரவப் பிசின் இறங்கி உறையும்போது பல்லைக் கவ்விக்கொள்கிறது. மைக்கேல் புவோனகோர் என்பவர் 1955இல் இதைக் காட்டினார், அப்போது அவர் பயன்படுத்தியது 85 சதவீத ஆசிட். இன்றைக்குப் பெரும்பாலும் 37 சதவீதத்துக்குப் பக்கம். அரித்த எனாமலின் பரப்பு முழுக்கத் திறந்த குழிகள்தான், எது முதலில் வந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். என் பல்லில் பிசினுக்கு முன்னால் எச்சில் வந்துவிட்டது. எச்சிலில் இருக்கும் புரதங்கள் குழிகளின் மேல் படலமாகப் படிந்துவிட்டால் காற்று ஊதினால் போகாது. மறுபடி ஆசிட் வைத்து, கழுவி, பஞ்சை மாற்றித் தொடங்க வேண்டும். ஆகக்கூடிய நேரம் சில நிமிடங்கள். போன் வருவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, யாருக்கும் வரும். அந்தச் சில நிமிடங்களைச் செலவழிக்காமல் மேலே பூசி மூடிவிட்டு, பிறகு என் பிரஷ்ஷின் மேல் பழி போட்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் இன்னும் சிக்கலானது. எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள், காயவைத்துவிடலாம். டென்டின் உயிருள்ள பகுதி. அதில் நரம்பறை வரை போகும் நுண்குழாய்கள், குழாய்களுக்குள் நீர். ஆசிட் பட்டதும் மேலே தாது கரைந்து கொலாஜன் நார்கள் வலைபோல நிற்கின்றன. பிசின் அந்த வலைக்குள் ஊறி உறைந்தால்தான் பிடிப்பு. நகபயாஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1982இல் விவரித்த இந்தக் கலப்புப் படலத்தைத்தான் ஹைப்ரிட் லேயர் என்கிறார்கள். காற்றை அதிகமாக ஊதிக் காயவைத்தால் வலை அமுங்கிவிடும், பிசின் இறங்காது. தண்ணீர் தேங்கி நின்றாலும் இறங்காது. பளபளவென்று ஈரம் மட்டும் தெரிய வேண்டும். பூசிய பிசினில் இருக்கும் கரைப்பானும் ஆவியாகப் போக வேண்டும், அதற்குத்தான் மறுபடி மென்மையாகக் காற்று. டென்டினில் ஆசிட்டை 15 விநாடிக்கு மேல் விடக்கூடாது என்பார்கள். இதையெல்லாம் இமை கொட்டாமல் பார்த்துச் செய்ய வேண்டிய நேரத்தில்தான் என் டாக்டர் வராந்தாவில் இருந்தார். சரி, மேலே போவோம்.

குடைந்த விதத்திலும் குறை இருந்ததாம். பழைய வெள்ளி ஃபில்லிங்குக்கு வாய் குறுகி அடி அகன்ற பள்ளம் வெட்டுவார்கள், அந்த வடிவம்தான் அதைப் பிடித்து நிறுத்தும். அதோடு, வெள்ளி ஃபில்லிங் நாளாக நாளாக அரிக்கப்பட்டு, அந்த அரிமானப் பொருளே விளிம்பு இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காம்போசிட்டுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. முதல் நாள் ஒட்டியதுதான் ஒட்டல். அதனால் விளிம்பு முழுவதும் சுத்தமான, உறுதியான பல்லில் முடிய வேண்டும். என் பல்லில் ஈறுப் பக்க விளிம்பில் மெத்தென்ற சொத்தை அப்படியே விடப்பட்டிருந்தது. நரம்புக்கு மிக அருகே கொஞ்சம் மெத்தென்ற பகுதியை வேண்டுமென்றே விடுவது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான், அதைக் கேட்டுப் பதற வேண்டாம். ஆனால் சுற்றுச்சுவரில் விடுவது என்பது கதவைத் திறந்து வைத்துப் பூட்டு வாங்குவது மாதிரி. இன்னொரு இடத்தில் அடியில் டென்டின் இல்லாமல் எனாமல் மட்டும் மெல்லிய விளிம்பாக நின்றிருக்கிறது. கடித்த வேகத்தில் அது உடைந்து அங்கேயும் ஒரு வழி.

ஒரே உருண்டையாக வைத்து அமுக்கியதும் தப்புத்தான். காம்போசிட் விளக்கில் இறுகும்போது கன அளவில் பெரும்பாலும் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். எல்லாப் பக்கமும் சுவருள்ள பள்ளத்தில் ஒரே கட்டியாகச் சுருங்கினால் ஏதோ ஒரு சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டுதான் வரும், முக்கியமாகப் பிடிப்பு குறைந்த ஈறுப் பக்கத்தில். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது எனக்குக் குத்தியதே, அடியில் விழுந்த இடைவெளியில் நீர் அமுங்கி நகர்ந்ததால்தான் இருக்கும் என்றார். சாதாரண காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பகுதி சரியாக இறுகவும் இறுகாது. சுமார் 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கும் பல்க் ஃபில் வகைகள் உண்டு, எனக்குப் போட்டது அது இல்லை.

இரண்டாவது முறை எனக்கு ரப்பர் டேம் போட்டார்கள். பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு. 1864இல் சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்தது, அத்தனை பழைய சங்கதி. கொஞ்சம் மூச்சு முட்டுவதுபோல இருந்தது, தாடை வலித்தது. ஆனால் நாக்கு எங்கேயும் எட்டிப்பார்க்க முடியவில்லை. பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிற்க உலோகப் பட்டையும் ஆப்பும் வைத்தார். முதல் டாக்டர் இதில் எதையும் வைத்த நினைவு எனக்கு இல்லை, இடுக்கில் சிக்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது. நரம்பு பிழைத்துவிட்டது, ரூட் கேனால் தேவைப்படவில்லை.

அடைக்கப் போகிறவர்கள் மெட்டீரியலின் பெயரைக் கேட்பதற்கு முன் ரப்பர் டேம் போடுவீர்களா, போடாவிட்டால் பல்லை எப்படி ஈரமில்லாமல் வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஆசிட் கழுவிய பிறகு எச்சில் பட்டுவிட்டால் வெட்கப்படாமல் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். கூச்சம் இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் என்னைப் போல ஏழு மாதம் பொறுக்காதீர்கள், எக்ஸ்ரேயின் நகலையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பணம் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் இலவசமாக அதே ஃபில்லிங்கை மறுபடி போட்டுத் தருகிறோம் என்றார்கள். ரப்பர் டேம் போடுவீர்களா என்று கேட்டேன். “எங்க டாக்டருக்கு அதெல்லாம் தேவையே இல்லைங்க, அவ்வளவு அனுபவம்” என்றார் போனில் பேசிய பெண்.