ஜிமெயில் கணக்கு: திறப்பது சுலபம், திரும்ப உள்ளே போவதில்தான் சிக்கல்

முதல்முறையாக மெயில் ஐடி தொடங்குபவருக்கு ஜிமெயிலைத் தாராளமாகச் சொல்லலாம். 2004-ல் 1 ஜிபி இடத்தோடு வந்த சேவை இது. இப்போது 15 ஜிபி இலவசம். மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், குப்பை மெயில்களைத் தனியே ஒதுக்குவதிலும் கெட்டி. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கு தொடங்கும்போது அவசியம் கொடுக்க வேண்டிய ஒரு தகவலைக் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே 'தவிர்' என்று ஒரு பட்டனையும் வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் அதைத்தான் அழுத்துகிறார்கள்.

தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் பலருக்கு ஏற்கெனவே ஒரு ஐடி இருக்கும். போன் வாங்கிய கடையிலேயே போட்டுக் கொடுத்திருப்பார்கள். ப்ளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும். பாஸ்வேர்ட் யாருக்கும் நினைவிருக்காது. அந்தப் போன் கையில் இருக்கும்வரை கவலையில்லை. செட்டிங்ஸில் கூகுள், அதில் கணக்கு நிர்வாகம், அங்கே பாதுகாப்புப் பகுதிக்குப் போய் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று கொடுத்தால், பல நேரம் திரைப்பூட்டை மட்டும் கேட்டுவிட்டுப் புதியதை வைக்க விடும்.

புதிதாகத் தொடங்குவதென்றால் பெயர், பிறந்த தேதி, பாலினம், மெயில் முகவரி, பாஸ்வேர்ட், போன் எண் என்று வரிசையாகக் கேட்கும். பெயரைத் தமிழிலும் கொடுக்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கத்தான் ஐடி என்றால் சான்றிதழில் உள்ளபடி ஆங்கிலத்தில் கொடுப்பது மேல். பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும். பிறந்த ஆண்டில் மட்டும் கவனம் தேவை. அவசரத்தில் நடப்பு ஆண்டையே கொடுத்துவிட்டால், 13 வயதுக்குக் குறைந்தவர் என்று கணக்கு முடங்கலாம்.

முகவரித் திரையில்தான் நிதானம் வேண்டும். கார்த்திக் ராஜா என்று கொடுத்தால் அந்தப் பெயர் எப்போதோ போயிருக்கும். 'கார்த்திக்ராஜா4731' போல ஒன்றைக் கூகுளே நீட்டும். அதை எடுக்காதீர்கள், மூன்றாம் நாள் உங்களுக்கே நினைவிருக்காது. இனிஷியலையோ ஊர்ப் பெயரையோ சேர்த்து நீங்களே ஒன்று அமையுங்கள். 6 முதல் 30 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கில எழுத்து, எண், புள்ளி மட்டுமே ஏற்கும், அடிக்கோடு ஏற்காது. புள்ளியும் பேருக்குத்தான்: வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஜிமெயிலுக்கு ஒரே முகவரி. போனில் சொல்லிப் பாருங்கள். 'தமிழ்ச்செல்வி' என்றால் கேட்பவர் 'ழ'வுக்கு இஸட்-ஹெச் போடுவாரா, எல் போடுவாரா என்பது அவரவர் பழக்கம். இப்படிக் குழப்பும் எழுத்து இல்லாமல் அமைந்தால் நல்லது. பூஜ்யமும் 'ஓ'வும் அருகருகே வர வேண்டாம். முகவரிக்கு முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' போடுவது இன்னும் விண்ணப்பப் படிவங்களில் தென்படுகிறது. அது இணையதளத்துக்கு உரியது, போட்டால் மெயில் வந்து சேராது.

பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து. தமிழ் எழுத்தை ஏற்காது, ஆகவே கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி போன் எண். இங்குதான் பெரும்பாலான கணக்குகள் கெடுகின்றன. பிரௌசிங் சென்டரில் ஐடி போடும்போது, அவசரத்துக்கு அங்கிருப்பவரின் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். ஓடிபி அவருக்குப் போகும், வேலை முடியும். ஆறு மாதம் கழித்துப் பாஸ்வேர்ட் மறந்தால் குறியீடு மறுபடி அவருக்குத்தான் போகும். ஒரே எண்ணைப் பல கணக்குக்குக் கொடுத்தால், இந்த எண் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று திருப்பியும் விடும். உங்கள் சிம் எண்ணைக் கொடுங்கள். சில நேரம் ஓடிபி அனுப்பாமல், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லும். ரீசார்ஜ் தீர்ந்த சிம்மென்றால் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து வருவதுதான் அந்த 'தவிர்' பட்டன்: மீட்பு மின்னஞ்சல், அதாவது உள்ளே போக முடியாதபோது குறியீடு வந்து சேரும் இன்னொரு மெயில் முகவரி. மகன், மகள், கணவன், மனைவி என்று வீட்டில் நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். சிம் தொலைந்த அன்று கை கொடுப்பது அதுதான். ஏற்கெனவே தவிர்த்திருந்தால் கணக்கு நிர்வாகத்தின் பாதுகாப்புப் பகுதியில் இப்போதும் சேர்க்கலாம். வேறொருவர் எண் இருந்தால் அங்கேயே நீக்கலாம். பழைய எண்ணுக்கு 7 நாள் வரை குறியீடு போக வாய்ப்புண்டு என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு முறையும் உங்களை உறுதிசெய்யும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் அதே இடத்தில் இயக்கி, போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 8 இலக்கத்தில் 10 குறியீடுகள் வரும். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால், போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும்.

15 ஜிபி மெயிலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். டிரைவ், போட்டோஸ், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் எல்லாமே அதில் பங்கு. நிரம்பிவிட்டால் உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். வேலைக்கான அழைப்பை எதிர்பார்ப்பவர் வாட்ஸ்அப் வீடியோ பேக்கப்பையாவது நிறுத்திவைப்பது நல்லது.

மாற்று என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயில் நன்றாகவே இருக்கிறது, விளம்பரமும் கிடையாது. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோருக்கு எப்படியும் கூகுள் கணக்கு வேண்டும். புதியவருக்கு இரண்டு பாஸ்வேர்ட் சுமை. ஒன்று பழகிய பிறகு அங்கே போகலாம். வேர்ட், எக்செல் வேலை அதிகம் உள்ளவருக்கு மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மெயில் பொருந்தும்.

திறந்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 2 ஆண்டு பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். அழிந்த முகவரியை யாரும், நீங்களே கூட, மறுபடி வாங்க முடியாது.