பட்டாளத்துக்காரருக்குத் தபால் வாக்கு, சிங்கப்பூர்க்காரருக்கு விமான டிக்கெட்: எந்த வழி சரிப்படும்?

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்து லடாக்கில் இருக்கிறார். இன்னொருவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். தேர்தல் வந்தால் முதலாமவருக்கு வாக்குச்சீட்டு இருக்கும் இடத்துக்கே வரும். இரண்டாமவர் விமானம் ஏறி ஊருக்கு வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி, வரிசையில் நின்றால்தான் வாக்கு. இதில் வேடிக்கை, அதே சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியர், பட்டாளத்துக்காரரைப் போலவே 'பணி வாக்காளர்' என்ற கணக்கில் வருவார். அவருக்கும் தபால் வாக்கு உண்டு. சம்பளம் கொடுப்பவர் யார் என்பதை வைத்து வாக்குரிமையின் வசதி மாறுகிறது.

நேரில் வரும் முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, எண்களே சொல்லிவிடும். 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் 6ஏ படிவம் கொடுத்துப் பட்டியலில் சேர வழி பிறந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அப்படிப் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1.19 லட்சம் பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். ஆக, மீதி நாடு முழுவதற்கும் முந்நூறு பேர்கூடத் தேறவில்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களோ ஒரு கோடிக்கு மேல். மூன்று மாதச் சேமிப்பைக் கரைத்து ஒரு பொத்தானை அழுத்த வருவதற்கு உசிலம்பட்டிக்காரர் என்ன, யாருமே யோசிக்கத்தான் செய்வார்கள்.

அடுத்தது பதிலாள் வாக்கு. படை வீரர்களுக்கு 2003 முதல் இது இருக்கிறது. அதே தொகுதியில் வசிக்கும் ஒருவரை வீரர் நியமிக்கலாம். அவர் வாக்குச்சாவடிக்குப் போய்த் தன் வாக்கையும் போடுவார், வீரரின் வாக்கையும் போடுவார். வீரருக்காகப் போடும்போது மை வைப்பது இடது கை நடுவிரலில். இதையே வெளிநாடுவாழ் இந்தியருக்கும் விரிக்கும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2019-ல் காலாவதியானது.

காலாவதியானது நல்லதுக்கே என்பது என் கருத்து. தபால் வாக்கு வழியில் தவறலாம். பதிலாள் வாக்கு எந்தச் சின்னத்துக்குப் போனது என்றே வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. தம்பி ஒரு சின்னம் சொல்லி அனுப்புவார், அண்ணன் தன் கட்சிக்குப் போட்டுவிட்டு 'போட்டாச்சு' என்பார். யார் கேட்பது? வாக்குக்குப் பணம் என்ற பேச்சு எந்தத் தேர்தலிலும் ஓயாத நம் மதுரை மாவட்டத்தில், ஒரே கையில் இரண்டு வாக்கு என்றால் விலை பேச வருபவருக்குக் கொண்டாட்டம்தான். பனிமலையில் தொடர்பே இல்லாத வீரருக்கு வேறு வழி இல்லை என்றால் புரிகிறது. வாட்ஸ்அப்பில் தினமும் வீட்டோடு பேசும் தொழிலாளிக்கு எதற்கு?

மூன்றாவது வழிதான் அலசத் தகுந்தது: வாக்குச்சீட்டை மின்வழியில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறுவது. பணி வாக்காளர்களுக்கு 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாக இது பயன்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு பெற்ற பணி வாக்காளர்கள் 18 லட்சத்துச் சொச்சம் பேர். திரும்பி வந்த சீட்டுகள் 10.84 லட்சம், அதாவது 60 சதவீதம். வெளிநாட்டுப் பட்டியலின் கதையோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

ஆனால் இந்த 60 சதவீதத்தின் பின்னால் ஒரு படைப்பிரிவு அலுவலகம் இருக்கிறது. சீட்டைக் கடவுச்சொல் போட்டுத் திறந்து அச்சிட வேண்டும். குறியிட்டு உள் உறையில் ஒட்ட வேண்டும். 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, மேலதிகாரியின் சான்றொப்பம் வாங்கி, அதை உள் உறைக்கு வெளியே, வெளி உறைக்கு உள்ளே வைக்க வேண்டும். எண்ணும் மேசையில் முதலில் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான். தவறி உள் உறையில் வைத்து ஒட்டியிருந்தால் உள் உறையைப் பிரிக்காமலே கழித்துவிடுவார்கள். பட்டாளத்தில் பிரிண்டர் இருக்கிறது, எழுத்தர் இருக்கிறார், சான்றொப்பமிட அதிகாரி இருக்கிறார். தொழிலாளர் விடுதியில் பத்துப் பேரோடு ஓர் அறையில் தங்கியிருப்பவருக்கு இதில் எது இருக்கிறது?

சான்றொப்பம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் ராதாபுரத்தை நினைத்துக்கொள்ளலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்டது செல்லாது என்று கழிக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2019-ல் அவற்றை எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. உள்ளூர் அரசு ஊழியர்களின் வாக்குக்கே இந்தப் பாடு.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. வேட்பாளர் பட்டியல் முடிவானால்தான் சீட்டு அனுப்ப முடியும். எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் அது திரும்பி வந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2024-ல் வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 30, எண்ணிக்கை ஜூன் 4; 66 நாள் இருந்தது. 2021-ல் 41 நாள். 2016-ல் மே 2-க்கும் மே 19-க்கும் இடையே வெறும் 17 நாள். பல கட்டத் தேர்தலில் நம் மாநிலம் முதல் கட்டத்தில் வந்தால் தபாலுக்கு யோகம், கடைசியில் வந்தால் திண்டாட்டம். அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டப்படி படை வீரருக்கும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் வாக்குச்சீட்டு 45 நாள் முன்பே போயாக வேண்டும். நம்மிடம் அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை.

தூதரகத்திலேயே வாக்குச்சாவடி வைத்தால்? சிங்கப்பூர் தன் குடிமக்களுக்குச் சில வெளிநாட்டு நகரங்களில் வைக்கிறது; 2023-லிருந்து தபாலையும் சேர்த்துக்கொண்டது. நமக்குத் தமிழ்நாட்டுக்கு மட்டுமே 234 தொகுதிச் சீட்டுகள் வேண்டும். வளைகுடாவில் தூரம் வேறு இருக்கிறது: தம்மாமிலிருந்து ரியாத் தூதரகம் 400 கிலோமீட்டர்.

இணைய வாக்கை எஸ்டோனியா 2005 முதல் நடத்துகிறது. பிரான்ஸ் 2012-ல் வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் கொடுத்து, 2017-ல் பாதுகாப்பு அச்சத்தால் நிறுத்தி, 2022-ல் மீண்டும் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் 2025-ல் இறங்கியது. என் பயம் ஹேக்கர்கள் அல்ல, ஏஜென்ட்கள். வேலைக்கு ஆள் அனுப்பியவர் விடுதிக்கு வந்து ஐம்பது செல்போன்களை வரிசையாக வாங்கினால் ரகசிய வாக்கு அங்கேயே முடிந்தது. எஸ்டோனியாவில் பிறகு மறுபடி போட்டு முதல் வாக்கை மாற்றலாம். நம் தொழிலாளிக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு, போன் திரும்பக் கைக்கு வந்தால்தான்.

ஆகவே என் தேர்வு, தபாலும் தூதரகமும் சேர்ந்த கலப்பு. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு அனுப்பிய யோசனை ஏறக்குறைய இதுதான்: மின்வழிச் சீட்டு, தூதரகம் நியமிக்கும் அலுவலரின் சான்றொப்பம். ஆனால் சோதனை முயற்சி வளைகுடா அல்லாத நாடுகளில் தொடங்கலாம் என்ற பேச்சும் அப்போது செய்திகளில் அடிபட்டது. நியூசிலாந்தில் கணினி வேலை பார்ப்பவரிடம் பிரிண்டர் இருக்கிறது என்பதற்காக அவருக்கு முதலில் கொடுப்பதா? தொடங்கினால் சிங்கப்பூரிலும் துபாயிலும் தொடங்க வேண்டும். மதுரை விமான நிலையத்திலிருந்து நேரே பறக்கும் ஊர்களில் அவையும் உண்டே. அச்சிடுவதும் சான்றொப்பமும் தூதரகத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வேலைக்காக வெளியூர்களில் நடத்தும் விடுமுறை நாள் முகாம்களிலேயே இந்த மேசையையும் போடலாம். நிறைந்த உறைகளைத் தூதரகமே மொத்தமாக அனுப்பிவிட்டால் தொழிலாளி தபால் நிலையம் தேட வேண்டாம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட இடங்களில் அதன் நகலையும் தூதரகப் பதிவையும் ஏற்க வேண்டும். மனு திரும்பப் பெறும் நாளுக்கும் எண்ணும் நாளுக்கும் நடுவே குறைந்தது 30 நாள் என்று விதியில் எழுதிவிட்டால் லடாக்கில் இருப்பவருக்கும் அது உதவும்.