இரத்தப் புற்றுநோய் உள்ளவருக்குத் திருகோணமலையில் தடுப்பூசி போட ஒரு நல்ல இடம்

வீட்டில் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவர் இருக்கிறார், தடுப்பூசிக்கு எங்கே கூட்டிப்போவது என்று திருகோணமலையில் யார் கேட்டாலும் நான் இந்த கிளினிக்கைத்தான் சொல்வேன். சின்ன இடம், ஒரு டொக்டரும் ஒரு மிஸ்ஸியும் (தாதி)தான், மாலையில் மட்டும் திறக்கிறார்கள், உட்கார நல்ல கதிரைகூட இல்லை. ஆனால் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த டொக்டர் கேட்கும் கேள்விகளை இந்த ஊரில் வேறு எவரும் எங்களிடம் கேட்டதில்லை.

அப்பாவுக்கு சீ.எல்.எல்., அதாவது நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய். வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஏகத்துக்குக் கூடியிருந்ததால் தெரியவந்தது. மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம். ஆரம்பத்தில் மருந்து ஒன்றும் தரவில்லை, இந்த நோயில் நிறையப் பேருக்கு முதலில் கண்காணிப்பு மட்டும்தான். அந்தக் காலத்திலேயே நிமோனியா தடுப்பூசியும் இன்ஃபுளுவென்சா ஊசியும் போட்டுவிடுங்கள், சிகிச்சை தொடங்கினால் ஊசி சரியாகப் பிடிக்காது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அதற்காக மறுபடியும் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போக அப்பாவின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஊரிலேயே ஒரு இடத்தில் கேட்டோம், புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே இவருக்கெல்லாம் ஊசி போடக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பேச்சைப் பலர் நம்பி வீட்டில் இருந்துவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்டது என்ன வகைப் புற்றுநோய் என்று. எல்லா இரத்தப் புற்றுநோயும் ஒன்றுபோல் இல்லை. சீ.எம்.எல். என்கிற மற்ற வகைக்கு இமாட்டினிப் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஊசி ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், சீ.எல்.எல்.லும் மயலோமா என்கிற எலும்பு மச்சைப் புற்றுநோயும்தான் சிக்கலானவை என்றார். அடுத்து என்ன மருந்து, பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் ஏற்றினார்களா, கடைசியாக எப்போது, இம்யூனோகுளோபுலின், அதாவது இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்த்தார்களா, வருடத்தில் எத்தனை தடவை நெஞ்சுச்சளி வருகிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா. நோய் விபரம் எழுதிய அட்டையை வாங்கி ஒரு பக்கம் விடாமல் வாசித்தார்.

அப்பா கேட்டார், "டொக்டர், எனக்கு வெள்ளை அணு இவ்வளவு கூட இருக்குதே, அப்ப எதிர்ப்புச் சக்தியும் கூடத்தானே?" பலர் வீட்டிலும் இதே குழப்பம் இருக்கும். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கிருமி வந்தால் அதை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்து தரவேண்டியவை பி வகை லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள். சீ.எல்.எல்.லில் பெருகி நிற்பது அதே பி அணுதான், ஆனால் சரியாக வேலை செய்யாதவை. "சீருடை போட்டவன் எல்லாம் பொலிஸ் இல்லை ஐயா" என்றார், அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. நல்ல பி அணுக்களுக்கு இடமும் இல்லை, வேலையும் சரியாக நடப்பதில்லை. அதனால் இரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்துகொண்டே போகும். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களின் உயிரைப் பறிப்பது புற்றுநோயைவிடத் தொற்றுகள்தான்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊசி முழுசாக வேலை செய்யும் என்று நான் உறுதி தரமாட்டேன் என்றார். காசு வாங்கி ஊசி போடுகிற ஒருவர் இப்படிச் சொல்வதை நான் எதிர்பார்க்கவில்லை. 2021இல் இஸ்ரேலில் சீ.எல்.எல். உள்ள 167 பேருக்குப் பைசர் கொவிட் ஊசி இரண்டு டோஸ் போட்டபின் ஆன்டிபாடி பார்த்திருக்கிறார்கள், 39.5 சதவீதமானவர்களுக்குத்தான் உருவாகியிருந்தது. இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களில் 55 சதவீதம், சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருந்தவர்களில் 79 சதவீதம், சிகிச்சையில் இருந்தவர்களிலோ வெறும் 16 சதவீதம். ரிட்டுக்சிமாப் மாதிரியான மருந்தைக் கடந்த 12 மாதத்துக்குள் ஏற்றியவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப்பார்த்தேன், அவர் சொன்ன எண்கள் அப்படியே இருந்தன. சரி, அப்போ எதற்கு ஊசி என்று கேட்டேன். ஆன்டிபாடி மட்டும் பாதுகாப்பு இல்லை, டி அணுக்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஆன்டிபாடி வராத சிலருக்கும் அது விழித்துக்கொள்கிறது, பாதிப் பாதுகாப்பு கிடைத்தாலும் நிமோனியாவில் மூச்சு முட்டி ஐ.சி.யூ.வுக்குப் போகாமல் தப்பலாம், இந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லாததால் அப்பாவுக்கு அவற்றால் நோய் வராது, ஆகவே போடாமல் விடுவதற்குக் காரணமே இல்லை என்றார்.

நிமோனியா ஊசி முதலில் கொன்ஜுகேட் வகை (கிருமியின் ஒரு பகுதியைப் புரதத்தோடு இணைத்துச் செய்தது), அதற்குக் குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகைக் கிருமிகளுக்கான மற்ற ஊசி. வரிசை முக்கியம், மாற்றிப் போட்டால் பலன் குறையும். இப்போது பல நாடுகளில் 20 வகைகளுக்கான ஒரே ஊசியோடு முடித்துவிடுகிறார்கள். இங்கே கிடைப்பதை வைத்துத்தான் செய்யவேண்டும் என்று இரண்டு திகதிகளையும் அட்டையில் எழுதித் தந்தார், இரண்டாவது நெருங்கும்போது மிஸ்ஸியே தொலைபேசியில் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினார்.

பிறகு அப்பாவுக்கு நோய் கூடி ரிட்டுக்சிமாப் ஏற்றத் தொடங்கினார்கள். அந்தச் சிகிச்சை முடிந்து கொஞ்ச காலத்தில், வருடக் கடைசியில் காய்ச்சல் ஊரெல்லாம் பரவியபோது இன்ஃபுளுவென்சா ஊசிக்காகக் கூட்டிப்போனேன். டொக்டர் போடவில்லை! கடைசியாக மருந்து ஏற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பி அணுக்களையே அந்த மருந்து துடைத்துவிட்டிருக்கும், இப்போது போட்டால் உங்கள் காசு வீண், குறைந்தது 6 மாதம் போகட்டும் என்றார். ஆலோசனைக்கும் ஒரு சதம் வாங்கவில்லை. பதிலாக என்னைப் பார்த்து, "நீங்கள் போட்டுவிட்டீர்களா தங்கச்சி?" என்று கேட்டார். நான், அம்மா, தம்பி மூவரும் அங்கேயே போட்டுக்கொண்டோம். அப்பாவின் உடம்பு ஆன்டிபாடி செய்யாத காலத்தில் கிருமி அவரிடம் போகாமல் தடுக்கவேண்டியவர்கள் கூடவே இருக்கிற நாங்கள்தான். உப்புவெளியில் தம்பி வேலை செய்யும் ஹோட்டலில் நாள்தோறும் வெளிநாட்டுக்காரர் வருவார்கள், அவன் கையோடு என்ன கொண்டுவருவான் என்று யாருக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் பற்றிய கேள்விக்கும் காரணம் இருந்தது. கிண்ணியாவில் இருக்கும் என் அக்கா பிள்ளையோடு வந்து நின்றால் மாதக்கணக்கில் நிற்பாள். எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), சின்னம்மை ஊசி இரண்டிலும் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ், அப்பா மாதிரியானவர்களுக்கு அவற்றைப் போடக்கூடாது. குழந்தைக்கு எம்.எம்.ஆர். போட்டால் அப்பாவுக்கு ஆபத்து இல்லை, தாராளமாகப் போடலாம், போடத்தான் வேண்டும். போலியோ சொட்டு மருந்து மட்டும் வேறு கதை. வாயில் விடும் அந்தச் சொட்டில் உள்ள வைரஸ் குழந்தையின் மலத்தோடு சில வாரங்களுக்கு வெளியேறும். ஆகவே வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார் என்று மிட்வைஃபிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலோ முன்கூட்டியே சொல்லுங்கள், ஊசியாகப் போடும் போலியோ மருந்தும் இருக்கிறது, அவர்கள் முடிவு செய்வார்கள், அப்பா பம்பர்ஸ் மாற்றவே வேண்டாம் என்றார். அக்கா அடுத்த நாளே போய்ச் சொல்லிவிட்டாள்.

மருந்து வைக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும், சூடு பட்டாலும் கெடும், பல ஊசிகள் உறைந்துபோனாலும் கெடும். 2022இல் 13 மணி நேரம் மின்சாரம் போன நாட்களை இந்த ஊர் வெயிலில் கழித்த எவருக்கும் இந்தப் பயம் இருக்கும். இங்கே தனி பிரிட்ஜ், அதில் சாப்பாடோ தண்ணீர்ப் போத்தலோ இல்லை, உள்ளே வெப்பமானி, காலையும் மாலையும் அளவு எழுதிய கொப்பி, மின்சாரம் போனால் உடனே பிடிக்கும் இன்வேர்ட்டர். கேட்காமலேயே குப்பியைக் கையில் தந்து பெயரையும் காலாவதித் திகதியையும் வாசிக்கச் சொன்னார்கள். வேறு எங்கே போனாலும் இதை நீங்களாகக் கேளுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை காத்திருக்கும் இடம். அதே டொக்டர் சாதாரண நோயாளிகளையும் பார்ப்பதால் இருமுகிற பிள்ளைகளும் மூக்கு ஒழுகுகிறவர்களும் ஒரே அறையில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களை ஊசிக்கு வரச்சொல்லிவிட்டு அதே அறையில் உட்காரவைப்பது சரியே இல்லை, இதை நேரிலும் சொன்னேன். மிஸ்ஸி இப்போது எங்களை வெளியே ஓட்டோவிலேயே இருக்கச் சொல்லி, முறை வரும்போது அழைக்கிறார், ஆனால் கேட்டால்தான் அந்த வசதி. இப்படிப்பட்டவர்களுக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கலாம். அடுத்தது, தடுப்பூசிக் காட் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, அம்மாவால் வாசிக்க முடியவில்லை. நிமோனியா ஊசி எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை, கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். விலையும் கனதி, நிமோனியா ஊசிக்கு மாதச் செலவில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது. அது இந்த கிளினிக்கின் குற்றம் இல்லை, இப்படியான நோயாளிகளுக்கு அரச ஆஸ்பத்திரியிலேயே இந்த ஊசிகளை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஊசி போட்டாயிற்று என்று தைரியமாகத் திரியவும் அவர் விடவில்லை. கோணேசர் தேருக்கு அப்பா போக ஆசைப்பட்டபோது, கூட்டத்துக்குள் போகாதீங்கோ ஐயா, விடியற்காலையில் ஆள் இல்லாத நேரம் மாஸ்க் போட்டுக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வாங்கோ என்றார். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்க்காமல், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னார். ஒருமுறை அப்படி இரவில் பொது வைத்தியசாலைக்கு ஓடி, நேரத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றியதால் அப்பா தப்பினார்.

5க்கு 4 கொடுக்கிறேன், குறைத்த ஒன்று காத்திருக்கும் அறைக்கு. போகிறவர்கள் நோய்க் காட், கடைசி இரத்தப் பரிசோதனை, எடுக்கும் மருந்துகளின் பெயர், கடைசியாக மருந்து ஏற்றிய திகதி எல்லாம் கொண்டுபோங்கள், முடிந்தால் உங்கள் புற்றுநோய் டொக்டரின் துண்டுக் கடிதமும். நிமோனியா ஊசி என்றால் இருக்கிறதா என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் பூட்டு.