72 டாலர் கொடுத்து வாங்கிய 'வாபாஷ்' ஐரிஸ், வாபாஷே இல்லை

முந்தாநாள் காலையில் பூத்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 72 டாலர், பத்து மாதக் காத்திருப்பு, கடைசியில் வந்தது வேறு செடி.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், இண்டியானாவில். 'வாபாஷ்' இந்த மாநிலத்திலேயே பிறந்த தாடி ஐரிஸ், அதாவது தொங்கும் இதழ்களின் மேல் தாடிபோல மயிர்க்கற்றை உள்ள ஐரிஸ் பூச்செடி. புளஃப்டன் ஊர்க்காரர் வில்லியம்சன் உருவாக்கியது. அவர் தும்பிகளை ஆராய்ந்தவரும்கூட. 1933இல் அவர் இறந்தபின், 1936இல்தான் செடி வெளிவந்தது. 1940இல் ஐரிஸுக்கான டைக்ஸ் பதக்கமும் வாங்கியது. அந்த ஊர் வழியாக ஓடும் ஆற்றின் பெயரும் வாபாஷ்தான். நிமிர்ந்து நிற்கும் மேலிதழ் மூன்றும் வெள்ளை. தொங்கும் கீழிதழ் மூன்றும் கரு ஊதா, ஓரத்தில் பட்டுப்புடவைக் கரைபோல மெல்லிய வெள்ளை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி வீட்டில் இருந்தது. வீடு கைமாறியதும் தோட்டத்தை வழித்துப் புல் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

போன ஜூலையில், யார் வேண்டுமானாலும் பொருள் விற்கக்கூடிய ஓர் இணையச் சந்தையில் கண்ணில் பட்டது. கிழங்கு ஒன்று 16 டாலர், நான்குக்கு 64, அனுப்பும் செலவு 8. பேரைக் கேட்டதும் வாங்கிவிடவில்லை. "உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று எழுதிக் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: பாட்டி நட்டது, அறுபது வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது, நல்ல கைக்குப் போகட்டும் என்றுதான் விற்கிறேன். அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். தெருக்கோடிப் பாட்டி நினைவுக்கு வந்துவிட்டார். வேறெதுவும் கேட்காமல் 72 டாலரைக் கட்டினேன்.

நடுவதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நாள் முழுக்க வெயில் விழும் மேட்டுப்பாத்தி. கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி வைத்து, வேர்களை மட்டும் மண்ணுக்குள் விட்டேன். ஆழமாகப் புதைத்தால் பூக்காது, தண்ணீர் தேங்கினால் அழுகி நாறும். துளைப்புழு முட்டை தங்காமலிருக்க இலையுதிர் காலத்தில் காய்ந்த இலைகளை எல்லாம் அகற்றினேன். நான்கும் பிழைத்தன, மூன்று பூத்தன. மூன்றிலும் மேலும் கீழும் ஒரே வெளிர் ஊதா, கிட்டே போனால் திராட்சை வாசனை. இங்கே பழைய வீடுகளின் வேலியோரமெல்லாம் நிற்கிற செடி அது. கேட்டால் சும்மாவே பிடுங்கித் தருவார்கள்.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "முதல் வருடம் நிறம் சரியாக வராது, அடுத்த வருடம் பாருங்கள்" என்றார். வெள்ளை இதழ் எப்படி ஊதாவாகும் என்று கேட்டேன். "உங்கள் மண் அப்படி" என்றார். ஹைட்ரேஞ்சியாவுக்குத்தான் மண்ணைப் பொறுத்து நிறம் மாறும், தாடி ஐரிஸுக்கு இல்லை என்று எழுதினேன். அதற்கப்புறம் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால், புகார் செய்ய 30 நாள்தான், காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். ஜூலையில் நட்ட கிழங்கு ஆகஸ்டில் பூத்துக் காட்டுமா? வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டால், பொருள்தான் வந்து சேர்ந்துவிட்டதே என்றார்கள். ஆக, 72 டாலர் போனது போனதுதான்.

விளம்பரம் இன்று காலையிலும் இருந்தது. அதே படம், அதே பாட்டி கதை. இப்போது கிழங்கு 18 டாலர்.

வாங்கப்போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பூவின் படத்தை மட்டும் நம்பாதீர்கள், அவர்கள் தோட்டத்தில் பெயர்ப்பலகையோடு நிற்கும் செடியின் படம் கேளுங்கள். பெயர் தவறினால் பூத்த பிறகும் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுக்கும் ஐரிஸ் பண்ணையில் மட்டும் வாங்குங்கள். பழைய ரகத்தின் விதை என்று யாராவது விற்றால் தொடவே தொடாதீர்கள், விதையிலிருந்து அதே பூ வராது, கிழங்கைப் பிரித்து நட்டால்தான் வரும். 30 நாள் கெடு இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.