பூச்சு வேலை: நாள் கூலியா, சதுர அடியா, பொருளோடு ஒப்பந்தமா?

கட்டு வேலை முடிந்து, கரண்டுக் குழாய்க்குக் காடி வெட்டியதும் பூச்சுக்கு ஆள் தேட ஆரம்பிக்கிறோம். "நம்பிக்கையான மேஸ்திரி யாராவது தெரியுமா?" என்று நாலு பேரிடம் விசாரிப்பது சரிதான். ஆனால் ஒரே மேஸ்திரி நாள் கூலிக்கு வந்தால் ஒரு மாதிரி பூசுவார், சதுர அடிக்கு எடுத்தால் வேறு மாதிரி பூசுவார். எதை மிச்சம் பிடித்தால் அவர் கையில் காசு நிற்கும் என்பது கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. எந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், வீட்டுக்காரர் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் மூட்டைக் கணக்கு

உள்சுவருக்கு 12 மி.மீ. கனம், 1:5 கலவை (ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல்). வெளிச்சுவருக்கு 15 முதல் 20 மி.மீ., 1:4. சீலிங்குக்கு 6 மி.மீ. போதும், கலவை 1:3 அல்லது 1:4. இந்த அளவில் 100 சதுர அடி உள்சுவருக்கு ஏறத்தாழ 0.9 மூட்டை சிமென்ட், 5 முதல் 6 கன அடி மணல் போகும். வெளிச்சுவர் 15 மி.மீ. என்றால் 1.2 மூட்டை, 20 மி.மீ. என்றால் 1.6 மூட்டை.

ஆக, 1,000 சதுர அடி உள்சுவருக்கு 9 மூட்டை. அது 6 மூட்டையில் முடிந்துவிட்டால் கலவையில் சிமென்ட் குறைந்திருக்கிறது, அல்லது கனம் குறைந்திருக்கிறது. 14 மூட்டை போயிருந்தால், தூக்கு பார்க்காமல் கட்டிய சுவரின் கோணலைப் பூச்சால் நிரப்பியிருக்கிறார்கள், இல்லையென்றால் சாரத்தடியில் கலவை கொட்டிக் கிடக்கிறது. காலிச் சாக்குகளை வேலை முடியும்வரை யாருக்கும் கொடுக்காமல் எண்ணி வைத்தாலே பாதிக் கண்காணிப்பு முடிந்தது.

நாள் கூலி

ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சேர்ந்தால் ஒரு நாளில் 100 முதல் 150 சதுர அடி உள்சுவர் பூசலாம். அவசரம் இல்லாததால் மூலை, ஜன்னல் ஓரமெல்லாம் நேர்த்தியாக வரும். நாள் இழுக்கும் என்பதுதான் குறை. பழைய பூச்சைத் தட்டிப் பூசும் வேலைக்கும், குளியலறை, மாடிப்படி அடிப்பகுதி போன்ற சில்லறை வேலைக்கும் இதுவே சரி. பழைய சுவர் எவ்வளவு உதிரும் என்பது தட்டும்வரை யாருக்கும் தெரியாது. அதைச் சதுர அடிக்குக் கேட்டால் பயத்துக்கும் சேர்த்து விலை சொல்வார்கள். முழு வீட்டுக்கு நாள் கூலி வேண்டாம்.

ஆனால் சதுர அடி விலையை எடைபோட இந்தக் கணக்கு உதவும். உங்கள் ஊரில் கொத்தனார், சித்தாள் இருவரின் ஒரு நாள் கூலியைக் கூட்டி 120-ஆல் வகுத்தால் ஒரு சதுர அடியின் கூலி அடக்கம் வரும். அதற்கு வெகுவாகக் கீழே ஒருவர் விலை சொன்னால், அந்த மிச்சத்தை வேகத்தில்தான் எடுக்கப் போகிறார்.

சதுர அடி லேபர்

பொருள் நம்முடையது, கூலி சதுர அடிக்கு இவ்வளவு. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. சிமென்டைத் திருட மேஸ்திரிக்கு அவசியம் இல்லை. மிச்சம் பிடிக்கவும் அவசியம் இல்லை. அவருக்கு லாபம் நேரத்தில் இருக்கிறது. அதனால் நேரம் பிடிக்கிற வேலைகளெல்லாம் அடிபடும்.

கனமான வெளிப்பூச்சை இரண்டு கோட்டாகப் பூச வேண்டும்: முதல் கோட்டைக் கீறிவிட்டு, மறுநாள் அடுத்த கோட்டு. ஒரே மூச்சில் 25 மி.மீ. அப்பினால் தன் எடையிலேயே சரிந்து, சுவரைவிட்டு விலகி நிற்கும். கலவையும் அப்படித்தான். காலையில் பெரிய குவியலாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, டீ குடித்து வந்து இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறினால் அந்தச் சிமென்டுக்குப் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். உலர்கலவையை எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு வைக்கட்டும், ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது சிமென்ட் தூவுவது. பூசிய பரப்பு ஈரம் இழுக்கும்வரை காத்திருந்து மணியாசு கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மரக்கட்டை) தேய்க்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் கைப்பிடி உலர்ந்த சிமென்டைச் சுவரில் வீசி, இரும்புக் கரண்டியால் இழுத்துவிடுவார். ஈரம் உடனே அடங்கி, சுவர் கண்ணாடி போல மின்னும், வீட்டுக்காரரும் மகிழ்ந்து போவார். மேல்தோலில் மட்டும் சிமென்ட் கூடிப் போனதால் அது தனியாகச் சுருங்கி, கொஞ்ச நாளில் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும்.

தூண், பீம் முகங்களைக் கொத்திவிடுவதும், கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் கோட்டில் இரண்டு பக்கமும் 6 அங்குலம் வரும்படி சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) அடிப்பதும் சதுர அடிக் கணக்கில் வராது. அதனால் நழுவும். காடி வெட்டிய இடத்துக்கும் மெஷ் வேண்டும். குறைந்தது 7 நாள் தண்ணீர் விடுவதும் இப்படி விட்டுப்போகிற வேலைதான், மேஸ்திரி அதற்குள் அடுத்த வீட்டில் இருப்பார். இந்த மூன்றுக்கும் தனிக்கூலி பேசிவிடுவதே நல்லது. "எல்லாம் சேர்த்துத்தான்" என்று பேசினால் மெஷ் கட்டு பிரிக்கப்படாமலே கிடக்கும்.

சண்டை வருவது அளவில். கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா? கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 பகுதி 12-இன்படி 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் பூசும் சுவரில் ஒரு பக்கம் மட்டும் கழிவு. ஓரப் பூச்சுக்குத் தனி அளவு கிடையாது. 3-க்கு 7 அடி கதவு இந்த வகையில் வரும், 21 சதுர அடி ஒரு முறை கழியும். இதையே பேசிக்கொள்ளலாம், அல்லது கழிவே இல்லை, ஓரத்துக்கும் காசு இல்லை என்று முடிக்கலாம். எதுவானாலும் சாரம் கட்டும் முன் பேசுங்கள். சன்ஷேடு மேல், அடி, முகம், கைப்பிடிச்சுவர் தலை, சொட்டுக் காடி (மழைநீர் சுவருக்கு ஓடாமல் சொட்ட வைக்கும் பள்ளக் கோடு) ஆகியவை சதுர அடியா, நீளத்தை மட்டும் அளக்கும் ஓட்ட அடியா என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். சாரம் வாடகை யார் தலையில் என்பதும்.

பொருளோடு ஒப்பந்தம்

வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு வசதி இதுதான். இங்கே மேஸ்திரியின் லாபம் சிமென்டிலும் மணலிலும் இருக்கிறது. பூச்சுக்கென்று சலித்த பி-சாண்டுக்குப் பதிலாகக் கிரஷர் தூசி கலந்து வந்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி 3 மணி நேரம் வையுங்கள். மேலே தனியாகப் படியும் சேற்று அடுக்கு மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். கலவைக்குச் சட்டிக் கணக்கை நம்ப வேண்டாம், குவித்த சட்டியும் வழித்த சட்டியும் ஒன்றல்ல. 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 1.25 கன அடி. அதே கொள்ளளவில் ஒரு மரப்பெட்டி செய்துவிட்டால் மூட்டைக்கு 5 பெட்டி மணல் என்று யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.

தினமும் சைட்டுக்கு வர உங்கள் வீட்டில் ஒருவர் உண்டென்றால் சதுர அடி லேபர்தான் எங்கள் தேர்வு. யாருமே இல்லை என்றால் பொருளோடு விடலாம், மூட்டை எண்ணவாவது சம்பளத்துக்கு ஒரு ஆள் போட்டு.

ஜிப்சம் பூச்சுக்காரர்களும் விலை சொல்ல வருவார்கள். தண்ணீர் விடத் தேவையில்லை, பரப்பு வழவழப்பாக வரும். உள்சுவருக்கு மட்டும் சரி. வெளிச்சுவர், குளியலறை, ஓதம் ஏறும் கீழ்த்தளச் சுவர் ஆகியவற்றில் அதைத் தொட விடாதீர்கள்.

பழைய வேலையைப் பார்க்கப் போனால்

போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கண்ட வீட்டைக் கேளுங்கள். பீமுக்குக் கீழே நேர்க்கோடாக விரிசல் ஓடினால் பெரும்பாலும் மெஷ் அடிக்கவில்லை. வலை விரிசல் என்றால் தூவல் பூச்சு, அல்லது தண்ணீர் விடாமல் காய்ந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் பெரும்பாலும் லின்டல், அஸ்திவார விவகாரம், வெள்ளை உப்பு பூப்பது செங்கல், தண்ணீர் விவகாரம். இவற்றுக்குப் பூசியவரைக் குறை சொல்ல முடியாது.

பணம்

லேபர் ஒப்பந்தத்துக்குப் பெரிய அட்வான்ஸ் தேவையில்லை. வாரா வாரம் அளந்து கொடுத்து, 10 சதவீதம் பிடித்து வையுங்கள். 7 நாள் தண்ணீர் விட்ட பிறகு சுவரைக் கரண்டிக் கட்டையால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளல் சத்தம் வரும் இடம் தெரியும். சாக்பீசால் வளைத்து, உள்ளங்கையைவிடப் பெரியதைச் சதுரமாக வெட்டி மறுபடி பூசச் சொல்லுங்கள். 6 அடி அலுமினியப் பட்டியைச் சாத்தினால் 3 மி.மீ.-க்கு மேல் இடைவெளி கூடாது. ஆணியால் கீறினால் மாவாக உதிரக் கூடாது. பிறகு சுவரை நனைத்துக் காயவிடுங்கள், நூல் விரிசல்கள் மட்டும் கறுப்புக் கோடாகக் கடைசிவரை ஈரமாக நிற்கும். இத்தனையும் பட்டி பார்ப்பதற்கு (பெயின்டுக்கு முன் புட்டி பூசுவதற்கு) முன்பே முடிய வேண்டும். பட்டி ஏறிய பிறகு விரிசல் வந்தால் மேஸ்திரி பெயின்டரைக் கைகாட்டுவார், பெயின்டர் மேஸ்திரியைக் கைகாட்டுவார்.